குழந்தையை அனுப்புவதா, நாம் போவதா, குடும்பமே போவதா?

பிள்ளைக்கு மனம் சரியில்லை என்று தெரிந்ததும் வீட்டில் எழும் முதல் கேள்வி, "நல்ல டாக்டர் யார்?" என்பதுதான். தெரிந்தவர்களிடம் விசாரிப்பார்கள், பக்கத்து வீட்டில் கேட்பார்கள், ஒரு பெயரும் தொலைபேசி எண்ணும் கிடைக்கும். அந்த அறைக்குள் யார் போய் உட்கார வேண்டும் என்பதை மட்டும் யாரும் கேட்பதில்லை. பிரச்சினை பிள்ளைக்கு, ஆகவே போக வேண்டியது பிள்ளை என்று அது தானாகவே முடிவாகிவிடுகிறது. குழந்தைகள், தம்பதிகள், குடும்பங்கள் என மூன்று தரப்பையும் பார்க்கும் மருத்துவ உளவியலாளரிடம் (மருந்து எழுதாமல் சோதனையும் பேச்சுச் சிகிச்சையும் தருபவர்) போகும்போது இந்தக் கேள்வியைத்தான் முதலில் கேட்க வேண்டும் என்பது என் கட்சி. அவர் எவ்வளவு கெட்டிக்காரராக இருந்தாலும், தவறான ஆளை நாற்காலியில் உட்கார வைத்தால் மாதங்கள் வீணாகும்.

பொதுவாகப் பேசினால் எல்லாம் சரிபோலவே தோன்றும். அதனால் ஒரு வீட்டை எடுத்துக்கொள்வோம். கற்பனை வீடுதான், ஆனால் சென்னையில் எந்தத் தெருவிலும் இருக்கக்கூடியது. கணவருக்கு அம்பத்தூர் தொழிற்பேட்டையில் ஷிப்ட் வேலை. மனைவி ஒரு கடையில் கணக்கு எழுதுகிறார். ஒன்பது வயது மகன், நான்காம் வகுப்பு. உடன் அப்பாவைப் பெற்ற பாட்டி. கோடை விடுமுறை முடிந்து பள்ளி திறந்ததிலிருந்து பையனுக்குக் காலையில் வயிற்று வலி. பத்து மணிக்குமேல் வலி இல்லை, ஞாயிற்றுக்கிழமை வலியே இல்லை. குழந்தை மருத்துவர் பார்த்துவிட்டு வயிற்றில் ஒன்றுமில்லை என்கிறார். மூன்று வாரமாகப் பையன் பள்ளிக்குப் போகவில்லை. இதற்கெல்லாம் முன்பிருந்தே கணவனும் மனைவியும் நேராகப் பேசிக்கொள்வதில்லை. "அப்பாவைச் சாப்பிட வரச் சொல்", "அம்மாவிடம் சாவியைக் கேள்" என்று பையன் வழியாகத்தான் பேச்சு. பாட்டியோ, "பிள்ளையை வருத்தாதீர்கள், நாளைக்குப் போகட்டும்" என்கிறார். நாளை வருகிறது, வலியும் கூடவே வருகிறது.

இந்த வீட்டுக்கு நான்கு வழிகள் உண்டு. பையன் மட்டும் போகலாம். பெற்றோர் மட்டும், பெற்றோராகப் போகலாம். அதே இருவர், கணவன் மனைவியாகப் போகலாம். பாட்டியையும் சேர்த்து நால்வரும் போகலாம்.

பையன் மட்டும்

பெற்றோருக்கு மிகவும் பிடித்த வழி இது. வெளியே நாற்காலியில் காத்திருந்தால் போதும். உள்ளே என்ன நடக்கும்? ஐந்தாறு வயதுப் பிள்ளையிடம் உட்கார்ந்து பேசிப் பயனில்லை. பொம்மை, மணல், வரைதல் என்று விளையாட்டின் வழியாகத்தான் வேலை நடக்கும். ஒன்பது வயதில் ஓரளவு பேச முடியும். பதற்றத்துக்கு அறிவாற்றல் நடத்தைச் சிகிச்சை என்கிற முறை இந்த வயதுக்குப் பொருந்துகிறது. வயிற்று வலி எங்கே தொடங்குகிறது, அப்போது மனத்தில் என்ன ஓடுகிறது என்று பிள்ளையே கவனிக்கப் பழகுகிறான். பயப்படும் இடத்தைப் படிப்படியாக நெருங்குகிறான். முதல் நாள் சீருடை போட்டுக்கொண்டு தெருமுனை வரை, பிறகு பள்ளி வாசல் வரை, பிறகு ஒரு பீரியட், பிறகு அரை நாள். பள்ளிக்குப் போகாமல் இருக்கும் நாள்கள் கூடக்கூடத் திரும்பிப் போவது கடினமாகும் என்பதால் இதில் தாமதம் கூடாது.

பிள்ளையைத் தனியாகப் பார்ப்பதே சரி என்கிற சூழ்நிலைகள் உண்டு. வகுப்பில் யாராவது அவனைத் துன்புறுத்துகிறார்களா, தொடக்கூடாத விதத்தில் யாராவது தொட்டார்களா என்பதையெல்லாம் பெற்றோர் பக்கத்தில் இருக்கும்போது குழந்தை சொல்லாது. பதின்வயதினருக்குத் தனியறை இல்லாமல் எந்தச் சிகிச்சையும் நகராது. ஆனால் "நீ சொல்வதை யாரிடமும் சொல்ல மாட்டேன்" என்று ஒரு உளவியலாளர் குழந்தைக்கு முழு வாக்குக் கொடுத்தால் அவர்மேல் எனக்குச் சந்தேகம் வரும். குழந்தைகளைப் பாலியல் குற்றங்களிலிருந்து காக்கும் 2012-ஆம் ஆண்டின் போக்சோ சட்டப்படி, ஒரு குழந்தை பாலியல் வன்முறைக்கு ஆளானது தெரியவந்தால் காவல்துறைக்குத் தெரிவித்தாக வேண்டும். உளவியலாளருக்கு அதில் விலக்கு இல்லை. எதை ரகசியமாக வைப்பேன், எதை வைக்க முடியாது என்று முதல் நாளே பிள்ளைக்குப் புரியும் மொழியில் சொல்பவரே நேர்மையானவர்.

சிகிச்சை தொடங்குமுன் சோதிக்க வேண்டிய இன்னொன்றும் இருக்கிறது. நான்காம் வகுப்பில் பாடம் திடீரென்று கனக்கிறது. பத்தி பத்தியாகப் படிக்க வேண்டும், சொந்தமாக எழுத வேண்டும். அதுவரை மனப்பாடத்தில் சமாளித்த பிள்ளைக்குக் கற்றல் குறைபாடு இருந்தால் அது இப்போதுதான் வெளிப்படும். வயிற்று வலியின் வேர் வீட்டில் இல்லாமல் தமிழ்ப் புத்தகத்தில்கூட இருக்கலாம். நுண்ணறிவை அளக்கும் பினே–காமத் சோதனை, இந்தியக் குழந்தைகளுக்கான மாலின் நுண்ணறிவு அளவுகோல், தேசிய மனநல நிறுவனமான நிம்ஹான்ஸ் உருவாக்கிய கற்றல் குறைபாட்டுச் சோதனைத் தொகுப்பு ஆகியவற்றை மருத்துவ உளவியலாளர்கள் பயன்படுத்துகிறார்கள். 2016-ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் குறிப்பிட்ட கற்றல் குறைபாட்டையும் தன் 21 வகைகளில் ஒன்றாக ஏற்கிறது. முறையான சான்று இருந்தால் தேர்வில் கூடுதல் நேரம் போன்ற சலுகைகளைக் கேட்க முடியும். இப்படிப்பட்ட பையனை இதைச் சோதிக்காமலே மாதக்கணக்கில் "பயத்தைப் போக்க" அழைத்துப் போவது கொடுமை.

இவை எதுவும் இல்லை, பதற்றம் மட்டும்தான் என்று வைத்துக்கொள்வோம். அப்போது பையனை மட்டும் அனுப்புவது அரைகுறை வழி. வாரத்துக்கு முக்கால் மணி நேரம் அந்த அறையில் தைரியம் கற்கிறான். மறுநாள் காலை ஏழு மணிக்கு வயிற்றைப் பிடித்தால் பாட்டி தோசையும் செல்பேசியும் தருகிறார். எது வெல்லும் என்று சொல்ல வேண்டியதில்லை.

பெற்றோர் மட்டும், பெற்றோராக

நம் ஊரில் மிகக் குறைவாக எடுக்கப்படுவதும், பன்னிரண்டு வயதுக்குக் கீழுள்ள பிள்ளைகளுக்கு நான் முதலிடம் கொடுப்பதும் இந்த வழிதான். "எங்களுக்கா கவுன்சலிங்? எங்களுக்கு என்ன குறை?" என்று கணவர் எழுந்துவிடுவார். குற்றம் சாட்டுவதற்காகத் தங்களைக் கூப்பிடுவதாகவே அவருக்குப் படும். முதல் அமர்விலேயே அதை நீக்கத் தெரியாத உளவியலாளர் இந்த வேலைக்கு லாயக்கில்லை.

அமெரிக்காவின் ஓரிகன் மாநிலத்தில் உளவியலாளர் ஜெரால்ட் பேட்டர்சன் வீடுகளுக்குள்ளேயே போய்ப் பல ஆண்டுகள் கவனித்து ஒரு சுழற்சியை விவரித்தார். பிள்ளை அழுகிறது, பெற்றோர் மறுக்கிறார்கள், பிள்ளை இன்னும் உரக்க அழுகிறது, பெற்றோர் விட்டுக்கொடுக்கிறார்கள், வீடு அமைதியாகிறது. உரக்க அழுதால் நடக்கும் என்று பிள்ளை கற்றது. விட்டுக்கொடுத்தால் சத்தம் நிற்கும் என்று பெற்றோரும் கற்றார்கள். இருவருமே மாட்டிக்கொண்டார்கள். இதை உடைக்கப் பெற்றோருக்குப் பயிற்சி கொடுக்கும் முறைகள் பிறகு வளர்ந்தன. மிகச் சிறிய பிள்ளைகளுக்கான முறை ஒன்றில் தாயோ தந்தையோ குழந்தையோடு விளையாடும்போது உளவியலாளர் கண்ணாடிக்கு அப்பால் நின்று, காதில் பொருத்திய கருவி வழியாக, "இப்போது பாராட்டுங்கள்", "இதைக் கண்டுகொள்ளாதீர்கள்" என்று சொல்லிக்கொண்டே இருப்பார்.

பதற்றத்துக்கும் இது எடுபடுமா? யேல் பல்கலைக்கழகத்தில் எலி லெபோவிட்ஸ் குழு 2020-இல் வெளியிட்ட ஆய்வு இந்தக் கேள்வியைத்தான் எடுத்துக்கொண்டது. பதற்றக் கோளாறு உள்ள 7 முதல் 14 வயது வரையிலான 124 பிள்ளைகள். ஒரு பிரிவில் பிள்ளைகளுக்கு நேரடியாக அறிவாற்றல் நடத்தைச் சிகிச்சை. மற்றதில் பிள்ளைகள் சிகிச்சை அறைக்குள்ளேயே வரவில்லை, பெற்றோருக்கு மட்டும் பயிற்சி. முடிவில் இரண்டாவது முறை முதலாவதற்குக் குறைந்ததாக இல்லை. பெற்றோர் அங்கே கற்றவை இரண்டே விஷயங்கள். பிள்ளையின் பயத்துக்காகத் தாங்கள் செய்யும் விட்டுக்கொடுப்புகளை ஒவ்வொன்றாகக் குறைப்பது ஒன்று. "உனக்குப் பயமாக இருக்கிறது, எனக்குத் தெரிகிறது, உன்னால் தாங்க முடியும் என்பதும் தெரியும்" என்பதைச் சொல்லாலும் முகத்தாலும் காட்டுவது மற்றொன்று.

நம் அம்பத்தூர் வீட்டில் இது எப்படி இருக்கும்? வலி என்றால் செல்பேசி கிடையாது, படுக்கை மட்டும்தான். விடுப்புக் கடிதத்தைப் பெற்றோர் இனி எழுதித் தர மாட்டார்கள். அதைப் பையனிடம் முன்கூட்டியே, கோபமில்லாமல், இருவரும் சேர்ந்து நின்று சொல்ல வேண்டும். சேர்ந்து நின்று என்று எழுதிவிட்டேன். இந்த வீட்டில் இடிக்கும் இடமே அதுதான்.

கணவன் மனைவியாக

தம்பதிக்கு இடையே தகராறு என்றால் உளவியலாளர் என்பது நம் சமூகத்தில் நான்காவது அல்லது ஐந்தாவது யோசனை. அதற்கு முன்பு மற்ற கதவுகள் எல்லாம் தட்டப்பட்டிருக்கும். ஆகவே அந்தக் கதவுகளோடு ஒப்பிட்டுப் பார்ப்பதுதான் நியாயம்.

முதல் கதவு, பெரியவர்களை வைத்துப் பேசுவது. மாமாவும் சித்தப்பாவும் வந்து கூடத்தில் உட்காருவார்கள். அவர்களை ஏளனம் செய்ய நான் தயாரில்லை. இரு வீட்டையும் அறிந்தவர்கள், காசு வாங்குவதில்லை, கூப்பிட்ட அன்றே வருவார்கள், கடன், நகை, வீட்டுப் பங்கு போன்ற விவகாரங்களைச் சட்டென்று தீர்த்தும் வைப்பார்கள். ஆனால் அவர்களுடைய வேலை தீர்ப்புச் சொல்வது. யார்மேல் தப்பு என்று முடிவானால்தான் அவர்கள் எழுந்து போக முடியும். தப்பு பெரும்பாலும் மருமகள் பக்கம் போய் விழும். "நீதான் கொஞ்சம் பொறுத்துக்கொள்ள வேண்டும், அம்மா" என்கிற அந்த முடிவுரையைக் கேட்காத தமிழ்ப் பெண் அரிது.

இரண்டாவது, மகளிர் காவல் நிலையம். 1992-இல் சென்னை ஆயிரம் விளக்கில் தமிழ்நாட்டின் முதல் அனைத்து மகளிர் காவல் நிலையம் திறக்கப்பட்டதிலிருந்து, அடி உதைக்கு ஆளான எண்ணற்ற பெண்களுக்கு அதுவே புகலிடம். கூடவே, கணவனைக் கூப்பிட்டுக் கண்டித்து எழுதி வாங்கிக்கொண்டு சேர்த்து அனுப்பும் வழக்கமும் வேரூன்றியது. அடி நிற்க அது உதவலாம். இருவரும் மறுபடி பேசத் தொடங்க அது உதவாது. மூன்றாவது, குடும்பநல நீதிமன்றம். 1984-ஆம் ஆண்டின் சட்டம், வழக்கை விசாரிப்பதற்கு முன்பு சமரசத்துக்கு முயல வேண்டிய கடமையை நீதிமன்றத்துக்கே கொடுக்கிறது. அங்கே ஆலோசகர்களும் இருக்கிறார்கள். ஆனால் அந்தப் படியேறும்போது பலர் மனத்தளவில் பிரிந்தே வந்திருப்பார்கள். வழக்கு எண் விழுந்த பிறகு நடக்கும் பேச்சில் ஒவ்வொருவரும் தன் வழக்கைத்தான் பேசுவார்கள்.

தம்பதி சிகிச்சை இவற்றிலிருந்து வேறுபடுவது ஒரே இடத்தில். அங்கே தீர்ப்பு இல்லை. சேர்த்து வைப்பேன் என்கிற வாக்கும் இல்லை. மனைவி குறை சொல்கிறார், கணவர் வாயை மூடிக்கொள்கிறார். அவர் மூடியதால் இவர் குரல் உயர்கிறது, குரல் உயர்ந்ததால் அவர் மேலும் மௌனமாகிறார். இந்த வட்டத்தை இருவருமே ஒரே நேரத்தில் பார்க்க வைப்பதுதான் முதல் பாதி வேலை. பலன் எவ்வளவு? ஆண்ட்ரூ கிறிஸ்டென்சனும் நீல் ஜேக்கப்சனும் அமெரிக்காவில் தொடங்கிய ஆய்வில், நெடுநாளாகக் கடும் பிணக்கில் இருந்த 134 தம்பதிகளுக்கு இரண்டு விதமான தம்பதி சிகிச்சைகளில் ஒன்று தரப்பட்டது. ஐந்து ஆண்டுகள் கழித்துப் பார்த்தபோது ஏறத்தாழப் பாதித் தம்பதிகள் குறிப்பிடத்தக்க முன்னேற்றத்தில் இருந்தார்கள். கால்வாசிக்குச் சற்று அதிகமானோர் பிரிந்திருந்தார்கள். இரண்டு முறைகளுக்கும் இடையே அந்தக் கட்டத்தில் பெரிய வித்தியாசம் இல்லை. நிச்சயமாகச் சேர்த்து வைப்போம் என்று விளம்பரம் செய்பவரிடம் இந்தக் கணக்கை நினைவில் வைத்துக்கொண்டு பேசுங்கள்.

வீட்டில் அடி இருந்தால், மிரட்டல் இருந்தால், மனைவி பேசப் பயப்பட்டால் இருவரையும் ஒன்றாக உட்கார வைக்கும் சிகிச்சை பொருந்தாது. அறையில் உண்மை சொன்னதற்கு வீட்டில் தண்டனை கிடைக்கும். இதனால்தான் பொறுப்பான உளவியலாளர் தொடக்கத்தில் இருவரையும் தனித்தனியே ஒரு முறை பார்த்து இதைக் கேட்டுக்கொள்வார். அப்படிப்பட்ட வீட்டுக்கு 181 மகளிர் உதவி எண்ணும், 2005-ஆம் ஆண்டின் குடும்ப வன்முறைத் தடுப்புச் சட்டமும்தான் முதல் படி. சிகிச்சை பிறகுதான்.

அந்தத் தனித்தனிச் சந்திப்பில் இன்னொரு சிக்கல் ஒளிந்திருக்கிறது. கணவர் தனியாக ஒரு ரகசியத்தைச் சொல்லிவிட்டால் உளவியலாளர் என்ன செய்வார்? ஒருவர் ரகசியத்தை மற்றவரிடமிருந்து மறைத்துக் காப்பதில்லை என்று சிலர் முன்பே சொல்லிவிடுவார்கள். காப்பேன் என்பவர்களும் இருக்கிறார்கள். எனக்கு முதல் வகையினர்மேல் நம்பிக்கை. எதுவானாலும் அது தொடங்குமுன் தெரிந்திருக்க வேண்டும்.

நால்வரும்

பிள்ளையின் நோயைக் குடும்பத்தின் அமைப்புக்குள் வைத்துப் பார்ப்பது ஒரு பெரிய சிந்தனைப் பள்ளி. அர்ஜென்டினாவில் பிறந்து அமெரிக்காவில் பிலடெல்பியா குழந்தை வழிகாட்டு மையத்தில் பணியாற்றிய சல்வடோர் மினுச்சின், தங்களுக்குள் மோதத் தயங்கும் பெற்றோர், பிள்ளையின் நோயைப் பற்றிய கவலையில் ஒன்று சேர்ந்துகொள்வதைக் கவனித்தார். அம்பத்தூர் வீட்டைப் பார்த்தால் அவர் உடனே புன்னகைத்திருப்பார் என்று நினைக்கிறேன். பையனுக்கு வயிறு வலிக்கும் காலைகளில்தானே அப்பாவும் அம்மாவும் ஒரே அறையில் நின்று ஒரே விஷயத்தைப் பேசுகிறார்கள்.

குடும்பத்தைச் சிகிச்சைக்குள் கொண்டுவருவதற்கு நாம் மேற்கிடம் கடன் வாங்கவேண்டிய அவசியமும் இல்லை. 1950-களில் அமிர்தசரஸ் மனநல மருத்துவமனையில் டாக்டர் வித்யா சாகர், நோயாளிகளின் உறவினர்களை வளாகத்திலேயே கூடாரம் போட்டுத் தங்க வைத்தார். வேலூர் சி.எம்.சி.யின் மனநலப் பிரிவிலும் குடும்பத்தினர் உடன் தங்குவது ஆரம்பக் காலத்திலிருந்தே வழக்கம். பெங்களூரு நிம்ஹான்ஸில் குடும்பங்களுக்கென்றே தனிப் பிரிவு இயங்குகிறது. ஆள் பற்றாக்குறையும் ஒரு காரணமாக இருந்திருக்கலாம். ஆனால் காரணம் எதுவாக இருந்தாலும் பலன் நன்றாகவே இருந்தது.

சிரமம் வேறு விதத்தில் வரும். நம் கூடத்தில் பெரியவர்கள் பேசும்போது சிறியவர்கள் வாய் திறப்பதில்லை. மாமியார் முன்பு மருமகள் சொல்வது ஒன்று, தனியே சொல்வது வேறு. நால்வரையும் அரைவட்டமாக உட்கார வைத்து "எல்லோரும் மனம் திறந்து பேசுங்கள்" என்று புத்தகத்தில் உள்ளபடி சொன்னால் பாட்டி பேசுவார், மற்ற மூவரும் தரையைப் பார்ப்பார்கள். கைதேர்ந்தவர்கள் முதலில் பாட்டியைத் தனியாகப் பார்த்து, அவருடைய அனுபவத்துக்கு மரியாதை கொடுத்து, அவரிடம் ஒரு வேலையை ஒப்படைத்துவிடுவார்கள். காலையில் பேரனை வாசல் வரை கொண்டுபோய் விடும் பொறுப்பு பாட்டியுடையதாகிவிட்டால், "நாளைக்குப் போகட்டும்" என்று அவரே சொல்ல முடியாது.

நேரமும் காசும் இந்த வழியில் கூடுதலாகப் பிடிக்கும். அமர்வு ஒன்றரை மணி நேரம்கூட நீளும். ஷிப்ட் வேலைக்காரரையும் பள்ளிப் பிள்ளையையும் ஒரே நாளில் சேர்ப்பதற்குள் போதும் போதும் என்றாகிவிடும். வாராவாரம் முழுக் குடும்பமும் என்பது நம் வாழ்க்கைமுறைக்கு ஒத்துவராது. இடையிடையே ஓரிரு முறை என்றால் ஒத்துவரும்.

ஒரே ஆளா, வேறுவேறு ஆளா?

குழந்தை, தம்பதி, குடும்பம் எல்லாவற்றுக்கும் ஒரே கூரை என்பது வசதி. ஒரே நபர் என்றால் யோசிக்க வேண்டும். பிள்ளையைப் பார்ப்பவரே பெற்றோருக்குப் பயிற்சி கொடுப்பதும், குடும்ப அமர்வை நடத்துவதும் இயல்பானது, விரும்பத்தக்கதும்கூட. ஆனால் மனைவிக்குத் தனியாகச் சிகிச்சை கொடுத்துவருபவரே தம்பதி சிகிச்சையும் கொடுத்தால், அவர் ஏற்கெனவே ஒரு பக்கத்துக் கதையைப் பல மாதம் கேட்டவர். கணவர் உள்ளே நுழையும்போதே ஆட்டம் சமமில்லை. பிள்ளையின் சிகிச்சையாளரே பின்னால் பிள்ளை யாரிடம் இருக்க வேண்டும் என்று நீதிமன்றத்துக்கு அறிக்கை எழுதுவது அதைவிட மோசம். பையன் அவரிடம் நம்பிச் சொன்னதெல்லாம் ஆவணமாகிவிடும். இதற்கு ஒப்புக்கொள்ளாமல் மறுப்பவரே நல்லவர்.

தகுதியைப் பற்றிச் சுருக்கமாக. மனநல மருத்துவர் எம்.பி.பி.எஸ். படித்து மனநலத்தில் மேற்படிப்பு முடித்தவர், மருந்து எழுதக்கூடியவர். தற்கொலைப் பேச்சு, பல நாள் தூக்கமின்மை, காதில் குரல் கேட்பது, கடுமையான மனச்சோர்வு, வலிப்பு ஆகியவை இருந்தால் நேராக மருத்துவரிடம்தான் போக வேண்டும். மருத்துவ உளவியலாளர் மருந்து எழுத மாட்டார். சோதனையும் பேச்சுச் சிகிச்சையும் அவர் துறை. உளவியலில் முதுகலைக்குப் பிறகு இரண்டு ஆண்டு முழுநேர மருத்துவமனைப் பயிற்சியோடு கூடிய எம்.ஃபில். என்பதே இதுவரை வழக்கமான தகுதி. 2017-ஆம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டமும் ஏறக்குறைய அப்படித்தான் வரையறுக்கிறது. இந்திய மறுவாழ்வுக் கவுன்சிலின் பதிவு எண் அவரிடம் இருக்கும். கேட்டால் கோபப்பட மாட்டார். கோபப்பட்டால் அதுவே ஒரு பதில். இவர்களைத் தவிர "கவுன்சலர்" என்று பலகை மாட்டியவர்களில் முதுகலை படித்து நன்றாகப் பணியாற்றுபவர்களும் உண்டு, ஒரு வார இறுதிச் சான்றிதழோடு கடை திறந்தவர்களும் உண்டு. பலகையைப் பார்த்து வேறுபாடு தெரியாது.

மொழியையும் தகுதியாகவே நான் எண்ணுகிறேன். பையன் ஆங்கில வழியில் படிக்கலாம், ஆனால் பயப்படுவது தமிழில். பாட்டிக்குத் தமிழ் மட்டுமே தெரியும். பட்டங்கள் குறைந்தாலும் தமிழில் சரளமாகப் பேசி, வட்டார வழக்கையும் புரிந்துகொள்பவரை நான் தேர்ந்தெடுப்பேன்.

எங்கே போவது என்பதில் சென்னைக்காரர்களுக்கு அதிர்ஷ்டம் உண்டு. எழும்பூர் குழந்தைகள் நல மருத்துவமனையும், 1794-இல் தொடங்கிய கீழ்ப்பாக்கம் மனநல மருத்துவமனையும் கட்டணமில்லாமல் பார்க்கின்றன. வளர்ச்சிக் குறைபாடு, ஆட்டிசம் என்று சந்தேகம் வந்தால் முட்டுக்காட்டில் மத்திய அரசின் பல்வகைக் குறைபாடு உடையோருக்கான தேசிய நிறுவனம் இருக்கிறது. அரசு மருத்துவமனையில் சோதனையும் நோய்க் கணிப்பும் சான்றிதழும் உறுதியாகக் கிடைக்கும். கூட்டம் காரணமாக வாராவாரம் முக்கால் மணி நேரம் அமைதியாகப் பேசும் சிகிச்சை கிடைப்பதுதான் கடினம். தனியாரில் அந்த நேரம் கிடைக்கும். அமர்வுக்கு ஆயிரத்திலிருந்து மூவாயிரம் ரூபாய் வரை என்பது நகரத்தில் சாதாரணம். காப்பீட்டு நிறுவனங்கள் மனநோயையும் உடல்நோய்க்குச் சமமாக நடத்த வேண்டும் என்று 2017 சட்டம் சொன்னாலும், வெளிநோயாளிக் கட்டணத்தைப் பெரும்பாலான பாலிசிகள் தருவதில்லை. சோதனைக்கு அரசு, தொடர்ந்த சிகிச்சைக்குத் தனியார் என்று கலந்துகொள்வதே நடுத்தரக் குடும்பத்துக்குக் கட்டுப்படியாகும்.

பள்ளிக் கவுன்சலர் அருகில் இருக்கிறார், இலவசம். ஆனால் அவருக்குச் சம்பளம் தருவது பள்ளி. பள்ளியே பிரச்சினையாக இருந்தால் அவர் கை கட்டப்பட்டிருக்கும். திறமையான உளவியலாளர் அவரைக் கூட்டாளியாக்கிக்கொள்வார், ஏனென்றால் பையன் வாசலுக்கு வரும்போது உள்ளே கைபிடித்து அழைத்துப்போக ஒருவர் தேவை. இணையவழி அமர்வு, பெற்றோர் பயிற்சிக்கும் வெளியூரில் வேலை பார்க்கும் கணவருக்கும் நன்றாகவே உதவும். சிறுபிள்ளையைத் திரை முன்பு உட்கார வைப்பதில் எனக்கு நம்பிக்கை இல்லை. நள்ளிரவில் யாரிடமாவது பேசியே ஆக வேண்டும் என்றால் 14416 என்ற டெலி மானஸ் எண், அதாவது அரசின் மனநலத் தொலைபேசி உதவி, இருக்கிறது. 2022 அக்டோபரில் தொடங்கிய சேவை அது, தமிழிலும் பேசலாம். ஆனால் அது தொடர் சிகிச்சைக்கு மாற்று இல்லை.

அம்பத்தூர் வீட்டுக்கு என் யோசனை

முதலில் பெற்றோர் இருவரும், பிள்ளை இல்லாமல், ஒரு மருத்துவ உளவியலாளரிடம் போகட்டும். அடுத்து பையனைத் தனியாக ஓரிரு முறை பார்க்கட்டும். வகுப்பில் துன்புறுத்தலோ படிப்பில் கோளாறோ இருக்கிறதா என்று அதில் தெரிந்துவிடும். இருந்தால் திட்டமே மாறும். இல்லையென்றால் பெற்றோர் பயிற்சியே நடுநாயகம், பையனுக்குப் படிப்படியாகப் பள்ளி திரும்பும் திட்டம் பக்கத்துணை. பாட்டி ஒருமுறை தனியாகவும் ஒருமுறை எல்லோரோடும் வரட்டும்.

கணவன் மனைவிப் பிணக்கு? அதை முதலில் தீர்த்தால்தான் பிள்ளை சரியாவான் என்று வாதிடுபவர்கள் உண்டு. கொள்கையளவில் அது சரியாக இருக்கலாம். மூன்று வாரமாகப் பள்ளிக்குப் போகாத பிள்ளைக்கு, பல வருடப் பிணக்கு தீரும்வரை காத்திருக்க நேரம் இல்லை. பெற்றோராக ஒரு விஷயத்திலாவது சேர்ந்து நிற்கப் பழகட்டும். பையன் வழியாகப் பேசுவதை நிறுத்துவதுதான் அதன் முதல் பாடம், அதற்கு அன்பு திரும்பியிருக்க வேண்டிய கட்டாயம்கூட இல்லை. பையன் பள்ளிக்குப் போகத் தொடங்கியதும், விருப்பமிருந்தால், வேறொரு உளவியலாளரிடம் தம்பதியாகப் போகலாம். விருப்பமில்லை என்றாலும் அது அவர்கள் முடிவு.

முதல் தொலைபேசி அழைப்பிலேயே கேட்டுவிடலாம்: பதிவு எண் உண்டா, இந்த வயதுப் பிள்ளைகளைத் தொடர்ந்து பார்க்கிறீர்களா, பெற்றோரை எத்தனை முறைக்கு ஒருமுறை சந்திப்பீர்கள், பள்ளியோடு பேசுவீர்களா, பிள்ளை சொல்வதில் எதை எங்களுக்குச் சொல்வீர்கள், வராத அமர்வுக்குக் கட்டணம் உண்டா. "பிள்ளையை விட்டுவிட்டுப் போங்கள், நான் பார்த்துக்கொள்கிறேன்" என்ற பதில் ஒன்பது வயதுப் பிள்ளைக்கு வந்தால் நான் அடுத்த எண்ணைச் சுழற்றுவேன்.

பையனிடம் பொய் சொல்லி அழைத்துப் போக வேண்டாம். கடைக்கு, கோயிலுக்கு என்று சொல்லி உள்ளே கொண்டுபோய் உட்கார வைத்தால் அந்த அறையில் அவன் எதையும் நம்ப மாட்டான். "காலையில் வயிறு வலிப்பது பற்றிப் பேச ஒருவர் இருக்கிறார், ஊசி கிடையாது, அப்பாவும் அம்மாவும் முன்பே போய்ப் பேசிவிட்டு வந்தோம்" என்பது போதும். பெற்றோர் முதலில் போவதில் இந்த ஒரு லாபமும் இருக்கிறது. கடைசி வாக்கியத்தை உண்மையாகச் சொல்ல முடிகிறது.

ஏழெட்டு அமர்வுகள் ஆன பிறகும் என்ன மாறியது, இனி எதை நோக்கிப் போகிறோம் என்று உளவியலாளரால் சொல்ல முடியவில்லை என்றால் வேறிடம் பார்ப்பதில் மரியாதைக் குறைவு ஒன்றுமில்லை. போகும்போது சோதனை அறிக்கையின் நகலையும் சிகிச்சைக் குறிப்பின் சுருக்கத்தையும் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். சிகிச்சை ஆவணங்களைப் பெறும் உரிமையை 2017 சட்டம் கொடுத்திருக்கிறது. புது இடத்தில் அதே சோதனைக்கு இன்னொரு முறை பணம் கட்ட வேண்டாம், பையனும் அதே கேள்விகளுக்கு மறுபடி உட்கார வேண்டாம்.